நாலாவது கேமரா

பெட்டிக்குள் நாலு கேமரா இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மூன்று இருந்திருந்தால் நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். கேட்டுக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, கார் ஷெட்டுக்கு ஒன்று என்று என் வீட்டுக்காரர் மூன்று கேமராவுக்குத்தான் இடம் பார்த்து வைத்திருந்தார். தக்கலைக் கடைக்காரர், நாலாகத்தான் தர முடியும், கம்பெனியிலிருந்து அப்படித்தான் அடைத்து வருகிறது என்று சொல்லிவிட்டார். மூன்றையும் மாட்டி முடித்த பிறகு நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு இவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாங்கிய பொருளைச் சும்மா போட்டு வைக்க மனம் வராத மனிதர். கடைசியில் ஹாலில், சோபாவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்.

“ஹாலுக்கு என்னத்துக்கு இது? இங்ஙன என்ன இருக்கு களவு போவதுக்கு?” என்று கேட்டேன்.

“இருந்துட்டுப் போட்டு. ஒன்னயக் கடிக்கவா செய்யும்?” என்றார்.

அவருக்கு லீவு முடிகிற கடைசி வாரம் அது. எங்கள் குளச்சல் பக்கத்தில், வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில், அந்தக் கடைசி வாரத்துக்கென்று ஒரு நடைமுறை உண்டு. லீவின் பெரும்பகுதி கல்யாணம், விருந்து, மௌத்து வீட்டுத் துக்கம் என்று ஓடிப்போகும். பயணத்துக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போதுதான் வீடு கண்ணில் படும். உடனே இரண்டு வருஷத்து வேலையை ஒரே மூச்சில் பார்ப்பார்கள். தென்னையில் ஆளை ஏற்றி மட்டை இறக்குவது, கிணறு இறைப்பது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, மோட்டாருக்குக் காயில் கட்டுவது. விமானத்துக்குப் புறப்படுகிற அன்று காலையில் ஸ்குரு டிரைவரும் கையுமாக நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது அப்படி ஒரு வாரத்தில். துணி துவைக்கிற மிஷின் வந்ததும் அப்படித்தான். அந்த வருஷம் பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் கேமரா வந்தது.

கேமராவுக்கான ஆப்பை அவருடைய போனில் ஏற்றி, அங்கத்து நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தார். இதுவும் எங்கள் ஊர் ஆண்களின் வழக்கம். ஊர் நம்பர் இரண்டு வருஷம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்து செத்துப்போகும். அங்கத்து நம்பர்தான் அவர்களுக்கு நிலையானது. பேங்கு, கேஸ், டிவி, எல்லாம் அந்த நம்பரில்தான் நிற்கும். வீடு இங்கே, வீட்டின் சாவி கடல் தாண்டி. அதை அப்போது நான் ஒரு குறையாக நினைத்ததில்லை.

அவர் போய் மூன்றாம் நாள் சோபாவில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். சுவர் பேசியது.

“ஏட்டி, கேட்டு சும்மா சாத்திக் கெடக்கு. கொண்டி போடல்லியா?”

கையிலிருந்த கத்தி காலருகே விழுந்தது. கேமராவுக்குக் கண் உண்டு என்று தெரியும். வாயும் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். நான் பதறியதைப் பார்த்து அவர் அங்கே சிரித்த சிரிப்பு, இங்கே சற்றுத் தாமதமாகக் கரகரவென்று வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து ஹாலில் நான் முக்காடு இல்லாமல் இருந்ததில்லை. பார்ப்பது என் புருஷன்தான். ஆனால் அவர் இருப்பது ஆறு பேர் படுக்கிற அறையில். அவர் போனை மற்றவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று யார் உறுதி சொல்வது? கால் நீட்டிச் சாய்வதை விட்டேன். பிறகு சோபாவையே விட்டேன். பகல் பொழுதை அடுக்களைப் படியில் உட்கார்ந்து கழித்தேன். பளிங்குக்கல் பதித்து, அலங்கார விளக்கு தொங்கவிட்டு, ஊரார் வாய் பிளந்து பார்க்கக் கட்டிய ஹால் அது. நான் அதில் நடந்து மட்டும் போனேன்.

நடந்தாலும் விடாது. யாராவது கடந்தால் அவர் போனுக்குச் செய்தி போகும். ஒருமுறை அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். ‘உங்கள் ஹாலில் நபர் கண்டறியப்பட்டார்’ என்று தமிழில் இருந்தது. அந்தத் தமிழை எழுதிய ஆளை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் கூட்டிப் பெருக்குகிற வீட்டில் என்னைக் கண்டறிந்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போனால் கண்டறிவார்கள். தொழுதுவிட்டு எழுந்து வந்தால் கண்டறிவார்கள். பூனை போனாலும் நபர்தான். மழைக்காலத்தில் கண்ணாடிமேல் சிலந்தி வலை கட்டினால் அதுவும் நபர்தான். எனக்கும் சிலந்திக்கும் அந்தக் கம்பெனி ஒரு வித்தியாசமும் பார்க்கவில்லை.

மகளிடம் சொல்லிப் புலம்பினேன். பெங்களூரில் இதுபோல ஆப் செய்கிற ஒரு கம்பெனியில்தான் அவளுக்கு வேலை.

“உம்மா, அதுல ஒனக்க பேரு எங்கயும் கெடையாது. வாப்பாதான் யூசர்,” என்றாள்.

“அப்ப நான் யாரு?”

கொஞ்சம் யோசித்தாள். “நீ வீடியோவுல வரக்கூடிய ஆளு” என்றாள். கம்பெனிக்காரி அல்லவா, உள்ளதைச் சொன்னாள்.

இவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படி ஒருவராக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிது, சண்டை போட்டிருப்பேன். இவர் மதியச் சாப்பாட்டு வேளையில் கேமராவைத் திறந்து, கடியப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற மீன்காரியின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். “அயிலையா, சாளையா?” என்று சுவர் கேட்கும். சாளை என்றால், “தேங்கா அரச்சு வை, மாங்கா போடு” என்று சொல்லும். அங்கே அவர் தட்டில் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் இருக்கும். ஒருநாள் நான் எரிச்சலில், “எப்பப் பாத்தாலும் இதயே பாத்துட்டு இருக்கியளே, வேற வேல இல்லியா?” என்று கேட்டுவிட்டேன்.

“எனக்க வீட்ட நான் பாக்கதுக்கு வேற வழி இருந்தா சொல்லு,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதை அடுக்களைக்குப் போய்த்தான் அழ முடிந்தது. கோபப்படவும் முடியாமல், பாவம் பார்த்துப் பார்த்தே நான் அந்த வீட்டுக்குள் சிக்கிக்கொண்டேன்.

அணைத்துப் போட வேண்டியதுதானே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். செய்து பார்த்தேன். என் தங்கை இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை அப்போது. நடு ஹாலில் படுத்து ஓவென்று கத்தி அழ வேண்டும்போல இருந்தது. அடுக்களைக்குள் அவ்வளவு அழுகை அடங்காது. ஸ்டூலைப் போட்டு ஏறி, தலை துவட்டுகிற துவர்த்து ஒன்றைக் கேமராமேல் போர்த்தினேன். படுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. பிறகு வாசல் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு மைனி. இவருடைய அண்ணன் பெண்சாதி.

“ஒனக்க மாப்பிள விளிச்சான். கேமராவ மூடியிருக்காம். உள்ள ஆருட்டி இருக்கா?” என்றபடி என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

உள்ளே யாரும் இல்லை. முகம் வீங்கிப்போய் நான்தான் நின்றேன். மைனி கெட்டவள் இல்லை, பயந்துபோய்த்தான் ஓடி வந்திருக்கிறாள். ஆனால் அவள் கண் அறை அறையாகப் போய் வந்ததை நான் பார்த்தேன். ஆம்பளை ஊரில் இல்லாத வீட்டில் பொம்பளை கேமராவை மூடினால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். துவர்த்தை எடுத்துவிட்டேன். பிறகு தொடவே இல்லை. கரண்டு போய்க் கேமரா அணைந்தால்கூட, அவர் கேட்பதற்கு முன்னால் நானே கூப்பிட்டு, “கரண்டு இல்ல, கேட்டியளா” என்று சொல்லிவிடுவேன். அந்தப் பொருளுக்கு நான் வேலைக்காரி ஆனேன். கண்ணாடியைத் துடைத்தேன், சிலந்தி வலையைத் தட்டினேன். கிணற்றடியில் இருந்தது உப்புக்காற்றில் துருவேறி ஒரு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டது. ஹாலில் இருந்ததற்கு மட்டும் ஒரு கேடும் வரவில்லை.

பிறகு ஒருநாள், “எல்லாத்தையும் முடிச்சிட்டு வாறேன். இனி இங்ஙன நிக்க முடியாது” என்று அவரே சொன்னார். அவருக்கு இடுப்பு வலி. நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அதற்கடுத்து நான் சொன்னது, “வந்த ஒடனே அந்த ஹால் கேமராவக் கழத்திரணும்” என்பதுதான். “கழத்திரலாம். நான்தான் அங்ஙன இருப்பேனே, பெறவு எதுக்கு?” என்றார். அந்தச் சொல்லை மூன்று மாதம் மனதில் வைத்துச் சீராட்டினேன். என் ஹாலில், என் புருஷனோடு, யாரும் பார்க்காமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வந்தார். பெட்டி பிரித்து, பங்கு வைத்து, விருந்துகள் முடிந்து, வீடு அடங்க இருபது நாள் ஆயிற்று. கேமரா பேச்சை எடுத்தேன். ஆப்பைத் திறந்து எதையோ அமுக்கினார். ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது ஆப். எங்கே அனுப்பியது? அங்கத்து நம்பருக்கு. அந்த சிம்மை அவர் கணக்கு முடித்துக் கிளம்பும்போதே ஒப்படைத்துவிட்டார். அந்த நம்பர் இப்போது எந்த ஊர்க்காரன் பையில் இருக்கிறதோ. என் ஹாலை மூடுவதற்கான எண் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டோம். தமிழுக்கு நான்கை அமுக்கச் சொல்லி, அமுக்கிய பிறகு பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு மிஷின் வந்து, உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள் என்றது. இவர் குளச்சல் ராகத்தில் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. கடைசியில் ஒரு பெண் பிள்ளை வந்தாள். “உங்க பாதுகாப்புக்காகத்தான் சார். ஓனர் நீங்கதான்னு உறுதியாகாம எதையும் மாத்த முடியாது. பில் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க,” என்றாள். பில்லை நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாள். அந்தக் காகிதத்தில் அடிப்பது இரண்டு வருஷம்கூட நிற்காதாம். இவ்வளவும் முடிந்த பிறகு, எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு செய்தி வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விற்கும்போது வீடு தேடி வந்து மாட்டிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லப் போனால் ஆளைக் காணோம்.

“வயர உருவிப் போட்டா போராதா?” என்று கேட்டேன்.

“அது அப்படிச் செய்யாண்டாம். எல்லாம் ஒரே பெட்டியிலதான் ஓடுது. இத உருவினா மத்ததும் சீத்தயாவும். பெறவு திருடன் வந்தா தெரியாது,” என்றார்.

நம்பினேன். இந்தச் சாமான்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிற நிலைமையில்தான் நாமெல்லாரும் இருக்கிறோம்.

ஆக, கேமரா இருந்தது, அவரும் இருந்தார். காலையில் சாயா குடித்ததும் மாடிக்குப் போய்விடுவார். இடுப்பு வலிக்கு மாடிக் கட்டில்தான் நல்லது என்றார். சாப்பிட மட்டும் இறங்கி வருவார். எதிரே உட்கார்ந்து, குனிந்து சாப்பிடுவார். “மீன் நல்லாருக்கு” என்பார். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?” என்பேன். “போரும்” என்பார். இருவருக்கும் அதற்குமேல் வராது. லீவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது நாலு வருஷம்கூட இருக்காது. பழகப் பழகச் சரியாகும் என்று நினைத்தேன். மாடியில் இருந்தபடியே கேமராவில், “ஏட்டி, ஒரு சாயா” என்பார். அப்போது மட்டும் குரல் பழையபடி கலகலவென்று இருக்கும். “கேட்டில ஆரோ வந்துருக்கா பாரு” என்பார். “இன்னைக்கு அந்தப் பச்சச் சேல ஒனக்கு நல்லாருக்கு” என்றுகூட ஒருநாள் சொன்னார். அதே சேலையோடுதான் அரைமணிக்கு முன்னால் அவருக்குச் சோறு பரிமாறியிருந்தேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தக்கலைக்குப் போனேன். பத்மநாபபுரம் அரண்மனைக்கு வந்த சுற்றுலா வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, பஸ்ஸிலிருந்து முன்னாலேயே இறங்கி நடந்தேன். வழியில் அந்தக் கேமராக் கடை. உள்ளே போய்க் கடைக்காரரிடம், ரகசிய எண் இல்லாமல் ஒரு கேமராவை எடுக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அதுக்கு எதுக்கு நம்பரு, இத்தா? பின்னால வயர உருவினா அணைஞ்சு போவும். ஒவ்வொண்ணும் தனித்தனி. மத்ததுக்கு ஒண்ணும் ஆவாது. ஒங்க வீட்டுக்காரரு போன மாசமே வந்து கேட்டாரே, நான் இதத்தானே சொன்னேன்.”

துணிக்கடைக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் கொதித்துக்கொண்டு வந்தேன். என்னைச் சந்தேகப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் தனியாகக் கிடந்த எனக்கு இதுதான் கூலியா? வீட்டைத் திறந்து, அவரைக் கூப்பிடாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். கேமராவுக்குப் பின்னால் விரலை விட்டேன். வயர் தட்டுப்பட்டது.

“வந்தியா?” என்றது கேமரா.

“தக்கலையில கடைக்காரரப் பாத்தேன்,” என்றேன்.

வயரைப் பிடித்துக்கொண்டேன்.

“உருவாத பிள்ள.”

“ஏன் பொய் சொன்னிய? எனக்க மேல அவ்வளவு சந்தேகமா?”

“அல்லா மேல சத்தியமா சந்தேகம் இல்ல.” மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “அங்க சோத்துக்கு இருக்கும்ப எல்லாம் இதத்தான் பாத்துட்டிருப்பேன். நீ நடக்கது, மீன் வாங்கது, பூனைய வெரட்டது. ஒனக்கூட பேசுனதும் இதுலதான். கீழ எறங்கி ஒனக்க முன்னால வந்து இருந்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது. ஆரோ வீட்டுக்கு விருந்துக்குப் போனவன் மாதிரி இருக்கு. இதுல பாத்தாத்தான் எனக்க வீடு மாதிரி இருக்கு.”

சண்டைக்கென்று சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை அப்படியே விட்டேன்.

“எறங்கி வாங்க. ஒண்ணும் பேசாண்டாம். சும்மா வந்து இருந்தா போரும்” என்றேன்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தமுறை அடுக்களைக்கு ஓடவில்லை. ஸ்டூலில் நின்றபடியே, அந்தக் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“அழாத” என்றது கேமரா.

மாடிப்படியில் கால்சத்தம் கேட்கும் என்று நின்றேன். வயர் இரண்டு விரலுக்கு நடுவே இருந்தது. இழுத்தால் வந்துவிடும், கடைக்காரர் சொன்னதுபோல அவ்வளவு லேசாகத்தான் இருந்தது. இழுத்தால், பிறகு நான் அவரிடம் எதில் பேசுவது? வெகுநேரம் காது கொடுத்து நின்றேன். யாரும் இறங்கி வரவில்லை. கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, “சாயா போடட்டா?” என்று கேட்டேன்.